'கெட்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கில அகராதியில் 'கெட்' என்ற சொல்லைத் தேடினால் பொருள்கள் பக்கம் பக்கமாக நீளும். பெறு, வாங்கு, எடுத்து வா, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள், செய்ய வை. புதிதாகப் படிப்பவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காருவார்கள், பாதியிலேயே கைவிடுவார்கள். பேசும்போது பட்டியல் நினைவுக்கு வராது. வந்தாலும் எந்தப் பொருளை எடுப்பது என்று தெரியாது.

இதைவிட எளிய வழி இருக்கிறது. 'கெட்'டுக்கு அடுத்து என்ன வகைச் சொல் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பெயர்ச்சொல் நின்றால் ஒரு பொருள், பெயரடை நின்றால் வேறொரு பொருள், இடம் நின்றால் இன்னொன்று. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. ஆறாவது படிக்கு ஐந்தாவதும், எட்டாவதுக்கு ஏழாவதும் தேவைப்படும் என்பதால் தாண்டிப் போகாமல் வரிசையாகப் படிப்பது நல்லது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில் இந்தச் சொல்லின் வடிவங்கள்: கெட், காட், காட். அமெரிக்கர்கள் மூன்றாம் வடிவத்தைப் பெரும்பாலும் 'காட்டன்' என்பார்கள். இரண்டுமே சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது, பிற வினைகளின் மூன்றாம் வடிவம். பே என்பது பெய்ட், ஸ்டீல் என்பது ஸ்டோலன், டூ என்பது டன். இவை தடுமாறினால் ஐந்தாம், ஆறாம் படிகள் இரண்டுமே தடுமாறும். அடிக்கடி பயன்படும் ஓர் ஐம்பது வினைகளுக்காவது இதைப் பழகிவிட்டு வாருங்கள்.

கேள்வியிலும் எதிர்மறையிலும் 'டிட்' வந்தால் பின்னால் 'கெட்'தான் வரும். 'டிட் யூ காட் மை மெசேஜ்?' என்பது தவறு. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டதால் அதை இன்னொரு முறை காட்டத் தேவையில்லை. 'டிட் யூ கெட் மை மெசேஜ்?' என்பதே சரி.

1. அடுத்து பெயர்ச்சொல் வந்தால்: கைக்கு வருவது

'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்குக் கடிதம் வந்தது. 'ஐ காட் எ நியூ பேக்' என்றால் புதுப் பை வாங்கினேன். 'கேன் யூ கெட் மை கிளாஸஸ்?' என்றால் என் கண்ணாடியை எடுத்து வர முடியுமா. தமிழில் இவற்றுக்கு மூன்று வெவ்வேறு வினைகள் வேண்டும். ஆங்கிலத்துக்கோ, முன்பு கையில் இல்லாதது இப்போது கைக்கு வந்துவிட்டது என்ற ஒரே செய்திதான். எப்படி வந்தது என்பதைக் கேட்பவர் சூழலிலிருந்து புரிந்துகொள்வார்.

'கெட் த டோர்', 'கெட் த ஃபோன்' ஆகிய இரண்டும் கொஞ்சம் தனி. கதவைத் தட்டுகிறார்கள், போய்த் திற. தொலைபேசி அடிக்கிறது, எடுத்துப் பேசு என்று பொருள். கதவை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

யாருக்காக என்பதையும் சேர்த்துச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஆளை முன்னால் வைத்தால் இடைச்சொல் வேண்டாம்: 'கெட் மீ எ சேர்'. ஆளைப் பின்னால் வைத்தால் 'ஃபார்' வேண்டும்: 'கெட் எ சேர் ஃபார் மீ'. பலர் 'கெட் டு மீ எ சேர்' என்கிறார்கள். 'எனக்கு' என்பதில் உள்ள 'கு'வை 'டு' ஆக்கும் பழக்கம் இது. இங்கே அது ஒத்துவராது.

2. 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்கள்

தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இந்தப் படிக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அடிபட்டது. எனக்குப் புரிந்தது. இந்த ஐந்திலும் எழுவாய் 'நான்' அல்ல. வேலை கிடைக்கிறது, காய்ச்சல் வருகிறது, நான் வெறுமனே 'கு' போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலம் அப்படி ஓரமாக நிற்க விடாது. ஆளை முன்னால் இழுத்து எழுவாயாக்கி 'கெட்' போடும்: 'ஐ காட் எ ஜாப்', 'ஐ காட் எ ஃபீவர்', 'ஐ காட் ஆங்க்ரி', 'ஐ காட் ஹர்ட்', 'ஐ காட் இட்'.

'ஜாப் காட்', 'ஆங்கர் கேம் டு மீ' போன்ற வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது தெரிந்திருக்கும். சொற்கள் ஆங்கிலம், எழுவாய் தமிழ். திருத்தும் முறை எளிது. தமிழ் வாக்கியத்தில் 'கு' ஏற்று நிற்பவர் யார் என்று பாருங்கள். அவரிடமிருந்து ஆங்கில வாக்கியத்தைத் தொடங்குங்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. 'எனக்கு' வரும் இடத்திலெல்லாம் 'கெட்' வராது. எனக்குத் தெரியும் என்பது 'ஐ நோ'. எனக்குப் பிடிக்கும் என்பது 'ஐ லைக் இட்'. எனக்கு இரண்டு தம்பிகள் என்பது 'ஐ ஹேவ்'. இவை மாறாத நிலைகள். தமிழ் வாக்கியம் கிடைத்தது, வந்தது, எடுத்தது, பட்டது என்று ஏதோ நிகழ்ந்ததைச் சொன்னால்தான் 'கெட்'டை நினைக்க வேண்டும். எனக்குப் பசிக்கிறது என்றால் 'ஐ ஆம் ஹங்ரி'. எனக்குப் பசி எடுத்துவிட்டது என்றால் 'ஐ காட் ஹங்ரி'.

புரிந்தது என்ற பொருளில் 'கெட்'டை வெறுமனே விடக்கூடாது. 'டிட் யூ கெட்?' என்று பாதியில் நிறுத்துவது பலருக்கும் உள்ள வழக்கம். 'டிட் யூ கெட் இட்?' என்று 'இட்' சேர்த்தால்தான் வாக்கியம் முடியும். தமிழில் 'புரிந்ததா?' என்றாலே போதும் என்பதால் இந்தச் சின்னச் சொல் நமக்கு விடுபட்டுப்போகிறது.

3. அடுத்து பெயரடை வந்தால்: ஒரு நிலைக்கு மாறுவது

'இட் இஸ் டார்க்' என்றால் இருட்டாக இருக்கிறது. 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இஸ், ஆர், வாஸ் போன்ற 'பீ' வினைகள் நிலையைச் சொல்லும். 'கெட்' அந்த நிலைக்குப் போவதைச் சொல்லும். டயர்ட், வெட், ரெடி, ஓல்ட், பெட்டர், வர்ஸ், லேட் எல்லாவற்றோடும் இது சேரும்.

இங்கே ஒற்றை 'எ' பொருளையே மாற்றிவிடும். 'ஐ ஆம் கெட்டிங் கோல்ட்' என்றால் எனக்குக் குளிர ஆரம்பிக்கிறது. 'ஐ ஆம் கெட்டிங் எ கோல்ட்' என்றால் எனக்குச் சளி பிடிக்கிறது. முன்னதில் கோல்ட் பெயரடை, பின்னதில் பெயர்ச்சொல். அதாவது பின்னது முதல் படிக்குப் போய்விட்டது.

இதே காரணத்தால் ஒரு பெரிய தவறும் நேர்கிறது. 'ஆகு' என்பதற்கு 'கெட்' என்று படித்தவர்கள், அவள் மருத்துவர் ஆனாள் என்பதை 'ஷீ காட் எ டாக்டர்' என்று எழுதுகிறார்கள். அதன் பொருள் அவளுக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார் என்பது. பெயர்ச்சொல்லோடு 'ஆகு' வந்தால் 'பிகம்' வேண்டும்: 'ஷீ பிகேம் எ டாக்டர்'.

சில பெயரடைகள் 'கெட்'டோடு சேராமல் 'கோ'வோடு போகும். உணவு கெட்டுப்போனால் 'கோ பேட்', தலை வழுக்கையானால் 'கோ பால்ட்', பார்வை போனால் 'கோ பிளைண்ட்'. பெரும்பாலும் திரும்பிவராத இழப்புகளுக்கு இப்படி வரும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி இல்லை. இந்த மூன்றையும் அப்படியே நினைவில் வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

4. அடுத்து இடம் வந்தால்: போய்ச் சேருவது

'ஐ காட் டு த ஸ்டேஷன் அட் டென்' என்றால் பத்து மணிக்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இடத்துக்கு முன்னால் 'டு' வேண்டும். ஹோம், ஹியர், தேர் போன்ற சில சொற்களுக்கு மட்டும் வேண்டாம். 'ஐ காட் ஹோம்' சரி, 'ஐ காட் டு ஹோம்' தவறு. இவை இங்கே வினையடையாக நிற்கின்றன. வீட்டுக்கு, இங்கே, அங்கே என்ற திசை அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

'ரீச்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு 'டு'வே கிடையாது. 'ரீச்ட் த ஸ்டேஷன்', 'காட் டு த ஸ்டேஷன்'. இரண்டையும் கலந்து 'ரீச்ட் டு த ஸ்டேஷன்' என்பது அடிக்கடி காதில் விழும்.

5. அடுத்து மூன்றாம் வடிவம் வந்தால்: நமக்கு நேர்வது

'ஐ காட் பெய்ட்' என்றால் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 'ஹி காட் காட்' என்று தமிழில் எழுதினால் படிக்கவே விசித்திரமாக இருக்கும். இரண்டாவது 'காட்' கேட்ச் என்பதன் மூன்றாம் வடிவம். அவன் பிடிபட்டான் என்று பொருள். காதால் கேட்டால் முதல் ஒலியில் வேறுபாடு தெரியும்.

இது ஒருவகைச் செயப்பாட்டுவினை. 'ஐ வாஸ் பெய்ட்' என்றாலும் கருத்து ஒன்றுதான். 'கெட்' போட்டால் பேச்சுவழக்காக ஒலிக்கும், நடந்தது நம்மைத் தொட்டது என்ற சாயலும் வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு 'ஐ வாஸ் காட் செலக்டட்' என்று எழுதுவதுதான் நான் அதிகம் திருத்தும் தவறு. 'வாஸ் செலக்டட்' அல்லது 'காட் செலக்டட்', ஏதாவது ஒன்று.

கேள்வியாக்கும்போதும் கவனம் வேண்டும். 'வேர் யூ பெய்ட்?' என்பது 'கெட்'டோடு வந்தால் 'டிட் யூ கெட் பெய்ட்?' என்று மாறும். நோ, லைக் போன்ற நிலைவினைகளோடு இந்த அமைப்பு சேராது. எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது என்பதை 'ஷீ காட் லைக்ட்' என்று சொல்ல முடியாது.

இரண்டு குறிப்புகள். 'காட் மேரீட்' என்பதற்குப் பின்னால் 'டு'தான் வரும், 'வித்' அல்ல. 'ஐ காட் லாஸ்ட்' என்றால் வழி தவறிவிட்டேன். எந்தக் குற்றமும் இல்லாத வாக்கியம். ஆனால் ஒருவரைப் பார்த்து 'கெட் லாஸ்ட்' என்று ஏவலாகச் சொன்னால் 'தொலைந்து போ' என்று திட்டுவதாகும்.

6. நடுவில் பொருள், பின்னால் மூன்றாம் வடிவம்: பிறரைக் கொண்டு செய்விப்பது

'நேற்று முடி வெட்டினேன்' என்று தமிழில் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 'ஐ கட் மை ஹேர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாகப் பொருள். வேறொருவர் வெட்டியிருந்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'. வண்டி பழுதுபார்த்தேன், சட்டை தைத்தேன், பல் பிடுங்கினேன் என்று நாம் சாதாரணமாகச் சொல்பவை எல்லாமே இந்த அமைப்புக்குள் வர வேண்டியவை. செய்தவரைச் சொல்லாமல், செய்வித்தவரை எழுவாயாக வைக்கும் அமைப்பு இது.

சொல்வரிசை முக்கியம்: கெட், பிறகு பொருள் (முடி, வண்டி, சட்டை போன்றது), பிறகு மூன்றாம் வடிவம். 'ஐ காட் ரிப்பேர்ட் மை லேப்டாப்' என்று எழுதுபவர்கள் ஐந்தாம் படியை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். 'ஐ காட் மை லேப்டாப் ரிப்பேர்ட்' என்பதே சரி. இங்கே நமக்கு ஒரு வசதியும் உண்டு. மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன் என்று தமிழிலும் பொருள்தான் முன்னால் வருகிறது. வழக்கமாகத் தமிழ் வரிசையை விட்டுவிடச் சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதே அமைப்பு சில சமயம் நீங்களே முடித்ததையும் குறிக்கும். 'ஐ காட் த வொர்க் டன்' என்றால் வேலையை முடித்துவிட்டேன். செய்தது யார் என்பதைச் சூழல் சொல்லும்.

7. நடுவில் ஆள், பின்னால் 'டு' போட்ட வினை: சம்மதிக்க வைப்பது

ஆளைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் அமைப்பு மாறும். 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். இதே பொருளுக்கு அருகில் மேக், ஹேவ் என்ற இரண்டு வினைகள் உண்டு. அவற்றுக்கு 'டு' கிடையாது: 'ஐ மேட் ஹிம் சைன்', 'ஐ ஹேட் ஹிம் சைன்'. 'கெட்'டுக்கு மட்டும் 'டு' கட்டாயம். இதை மறந்து 'ஐ காட் ஹிம் சைன்' என்று எழுதுவது பொதுவான பிழை.

பொருளிலும் வேறுபாடு இருக்கிறது. 'மேக்' என்றால் வற்புறுத்தல். 'ஹேவ்' என்றால் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் செய்வார் என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. 'கெட்' என்றால் பேசிப் பார்த்து, கெஞ்சி, எப்படியோ இணங்க வைத்தது. தமிழில் மூன்றுக்கும் 'வை' போதும் என்பதால் நாம் கையில் அகப்பட்டதை எடுத்துவிடுகிறோம். மேலதிகாரியைப் பற்றி 'ஐ மேட் ஹர் சைன்' என்று எழுதினால் மிரட்டியதுபோல் ஆகிவிடும்.

உயிரற்ற பொருள்களும் இங்கே ஆளாக நிற்கலாம். 'ஐ கான்ட் கெட் த என்ஜின் டு ஸ்டார்ட்' என்றால் என்ன செய்தும் என்ஜின் கிளம்ப மாட்டேன் என்கிறது.

8. நேராக 'டு' போட்ட வினை: வாய்ப்பும் கட்டாயமும்

ஆள் இல்லாமல் 'கெட் டு' என்பதற்குப் பின்னால் வினை வந்தால் வாய்ப்பு கிடைப்பது: 'ஐ காட் டு மீட் தெம்', அவர்களைச் சந்திக்க வாய்த்தது. 'ஹேவ் காட் டு' என்றால் கட்டாயம்: 'ஐவ் காட் டு மீட் தெம்', அவர்களைச் சந்தித்தே ஆக வேண்டும். நடுவில் இருப்பது ஒரு 'வ்' ஒலி மட்டும். பேச்சில் அதை விழுங்கி 'காட்டா' என்று ஆக்கிவிடுவார்கள். கேட்கும்போது குழம்பினால் காலத்தைப் பாருங்கள். வாய்ப்பு நடந்து முடிந்தது, கட்டாயம் இனிமேல் நடக்க வேண்டியது.

9. 'ஹேவ் காட்': வைத்திருப்பது

'ஐவ் காட் எ கார்' என்பதும் 'ஐ ஹேவ் எ கார்' என்பதும் ஒன்றே. கேள்வியில் 'ஹேவ் யூ காட் எ பென்?' அல்லது 'டூ யூ ஹேவ் எ பென்?' என்று கேட்கலாம். 'டூ யூ ஹேவ் காட்' என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது. இறந்தகாலத்தில் 'காட்' தேவையில்லை. 'ஐ ஹேட் எ கார்' போதும். அமெரிக்கர் ஒருவர் 'ஐவ் காட்டன் எ கார்' என்றால் புதிதாக வாங்கியிருக்கிறார், 'ஐவ் காட் எ கார்' என்றால் வைத்திருக்கிறார்.

10. கெட் அப், கெட் ஓவர் வகையறா

இவற்றை ஒரே மூச்சில் படிக்க முயலாதீர்கள். தேவைப்படுவதை ஒவ்வொன்றாக, முழு வாக்கியமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவது, இறங்குவதில் தொடங்கலாம். பேருந்து, ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், டாக்ஸி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிட வேண்டியதற்கு 'இன்'. சைக்கிளுக்கும் குதிரைக்கும் மேலே ஏறி உட்காருவதால் 'ஆன்'. பேருந்திலிருந்து 'கெட் டவுன்' என்பது நம்மிடையே பரவலாக இருக்கிறது. வெளிநாட்டவரிடம் 'கெட் ஆஃப்' என்றால்தான் சட்டென்று புரியும்.

'வேக் அப்' கண்விழிப்பது, 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

'இட்' எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். 'கெட் ஓவர் இட்' என்றால் அந்தக் கவலையிலிருந்து மீண்டு வா. 'கெட் இட் ஓவர் வித்' என்றால் பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலை. துக்கத்தில் இருப்பவரிடம் முன்னதைச் சொல்லிவிடாதீர்கள். அறிவுரைபோல் தெரிந்தாலும் முரட்டுத்தனமாகவே ஒலிக்கும்.

11. எங்கே தவிர்ப்பது

விண்ணப்பம், அலுவலகக் கடிதம், ஆய்வுக்கட்டுரை ஆகியவற்றில் 'கெட்'டைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெற்றது என்றால் 'ரிசீவ்', முயன்று பெற்றது என்றால் 'அப்டெய்ன்', ஆனது என்றால் 'பிகம்', புரிந்தது என்றால் 'அண்டர்ஸ்டாண்ட்'. அதற்காகப் பேச்சிலும் இவற்றையே பிடித்துக்கொண்டால் அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும்.

12. சோதித்துப் பார்க்க ஒரு வாக்கியம்

'ஐ காட் ஹிம் டு கெட் த பிரிண்டர் ஃபிக்ஸ்ட் பிஃபோர் இட் காட் லேட்.'

மூன்று 'கெட்'டுகளையும் தனித்தனியாக எடுங்கள். முதலாவதுக்குப் பின் ஆள், பிறகு 'டு': ஏழாம் படி, அவரை இணங்க வைத்தேன். இரண்டாவதுக்குப் பின் பொருள், பிறகு மூன்றாம் வடிவம்: ஆறாம் படி, அவர் வேறொருவரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். மூன்றாவதுக்குப் பின் பெயரடை: மூன்றாம் படி, நேரமாகிவிட்டது. நேரமாவதற்குள் பிரிண்டரைச் சரிசெய்ய ஏற்பாடு பண்ணும்படி அவரை எப்படியோ இணங்க வைத்தேன் என்பது வாக்கியம். இதில் தடுமாறினால், எந்தக் 'கெட்'டில் தடுமாறினீர்களோ அந்தப் படிக்கு மட்டும் திரும்பப் போனால் போதும்.